கற்பனை அரசனுக்கு ஒரு படை

(வரலாற்றுக் கதைகளும் மாயக் கதைகளும் எழுதும் இளைஞர்கள் கொற்கைக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, திருநெல்வேலியில் அவர்களிடையே ஆற்றிய உரையின் அச்சு வடிவம்.)



நீங்கள் அனுப்பிவைத்த கதைகளைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். உங்கள் கதைகளில் குதிரைகள் சாவதே இல்லை. அம்பு பட்டுச் சாகின்றன, அது வேறு. நான் சொல்வது வயிறு உப்பி, கால் வீங்கி, குளம்பு வெடித்து, போட்ட தீனி ஒத்துக்கொள்ளாமல் லாயத்தில் படுத்தபடி சாவதை. உங்கள் நாயகன் நள்ளிரவில் குதிரை ஏறுகிறான். விடிவதற்குள் பக்கத்து நாட்டு எல்லையில் இறங்குகிறான். வழியில் அந்தக் குதிரை ஒரு வாய் தண்ணீர் குடித்ததாக ஒருவரும் எழுதவில்லை. ஒரு நண்பர் தம்முடைய அரசனுக்கு யாளிப் படையே வைத்திருக்கிறார். நன்றாக இருக்கிறது, வைத்துக்கொள்ளட்டும். அவரிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் உண்டு. யாளி என்ன தின்னும்? அதை யார் கொண்டுவந்து போடுவார்கள்? அவர்களுக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

கற்பனை நாடு படைப்பதை நான் குறை சொல்லவில்லை. படைக்கும்போது வாளும் கொடியும் முதலில் வந்துவிடுகின்றன, கணக்கு கடைசிவரை வருவதில்லை என்பதுதான் என் வருத்தம். நம் பக்கத்தில் கணக்கோடு கூடிய ஒரு படை இருந்திருக்கிறது. பாண்டியன் படை. அதன் கதையைக் கொற்கையிலிருந்து சொன்னால்தான் சரியாக விளங்கும் என்பது என் எண்ணம். மதுரையிலிருந்து பார்த்தால் அரசனும் அரண்மனையும் தெரியும். கொற்கையிலிருந்து பார்த்தால் அவற்றுக்கு எங்கிருந்து பணம் வந்தது என்பது தெரியும்.

நாளைக்குப் போய் ஏமாந்துவிடாதீர்கள். கொற்கையில் கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை. துறைமுகம் இருந்ததற்கு அடையாளமாகக் கடல்கூட இல்லை. அது இன்றைக்குக் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் செய்த வேலை. வயலும் வாழையும் குளமும் பார்ப்பீர்கள். பழைய வன்னி மரம் ஒன்றைக் காட்டுவார்கள். வெற்றிவேல் அம்மன் கோயில் இருக்கிறது. அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில் என்று ஒன்று இருக்கிறது. அக்கசாலை என்றால் காசு அடிக்கும் இடம். 1968-69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று வந்தது. சற்று மேற்கே ஆதிச்சநல்லூர். அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ தாழிகளைத் தோண்டி எடுத்தபோது இரும்பு வாளும் ஈட்டிமுனையும் வந்தன. ஆகவே இந்த ஆற்றங்கரையில் ஆயுதத்துக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. யானைக்கும் பஞ்சமில்லை, மேற்கே பொதிகை மலை இருக்கிறது. நெல்லுக்குப் பஞ்சமில்லை. ஆளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் ஒன்றே ஒன்றுக்குத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பணம். 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' என்று கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ஒரு கிரேக்க வழிகாட்டி நூல் இருக்கிறது. எழுதியவர் பெயர் தெரியாது. கப்பலோட்டும் வியாபாரிகளுக்காக எழுதியது. அதில் கொற்கை 'கொல்கி' என்று வருகிறது. பாண்டிய நாட்டைச் சேர்ந்தது, முத்துக் குளிக்கும் இடம், அந்த வேலையைத் தண்டனை பெற்ற கைதிகள் செய்கிறார்கள் என்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் இந்த ஊரைக் குறிக்கிறார். சிலப்பதிகாரத்தில் நெடுஞ்செழியன் இறந்து மதுரை எரிந்தபின் அரசு கட்டிலுக்கு வருகிற வெற்றிவேற்செழியன் எங்கிருந்து வருகிறான்? கொற்கையிலிருந்து. பட்டத்துக்கு அடுத்தவனை அரசன் எங்கே உட்கார வைப்பான் என்று யோசித்துப் பாருங்கள். பணம் வருகிற வாசலில்தான் உட்கார வைப்பான்.

சங்க காலப் படையைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. வெட்சி முதல் வாகை வரை பூச்சூடிப் போருக்குப் போனதையும், யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகையையும், தலையாலங்கானத்தில் நெடுஞ்செழியன் சேர சோழரையும் ஐந்து வேளிரையும் ஒருசேர வென்றதையும் நீங்கள் என்னைவிட நன்றாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டே இரண்டு செய்திகளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அந்த நெடுஞ்செழியனைப் பாடிய மதுரைக்காஞ்சியிலேயே குதிரை கப்பலில் வந்து இறங்குகிறது. பட்டினப்பாலையிலும் அப்படியே, கடல் வழியாக. இரண்டாவது, 'பெருவழுதி' என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த ஒரு பாண்டியன் காசு கிடைத்திருக்கிறது. அரசன் பெயரோடு அதில் நிற்பது குதிரை. மீன் பின்பக்கத்தில் இருக்கிறது. குலச்சின்னத்தைப் பின்னால் போட்டுக் குதிரையை முன்னால் போடுகிறான் என்றால், அது எவ்வளவு அருமையான பொருளாக இருந்திருக்க வேண்டும்!

பஞ்சம் என்று சொன்னேனே, அது இதற்குத்தான். நம் ஊரில் குதிரை பிறக்காது என்றில்லை. போருக்கு ஏற்ற பெரிய குதிரை நிலைத்து வளரவில்லை. நெல் விளையும் ஈர மண், அடர்ந்த வெக்கை, மேய்ச்சலுக்கு ஏற்ற வறண்ட புல்வெளி குறைவு. ஆக, ஒவ்வொரு தலைமுறைப் படைக்கும் புதிதாகக் கப்பல் வர வேண்டும்.

இடையில் ஓர் ஆயிரம் ஆண்டைத் தாண்டுகிறேன். களப்பிரர், கடுங்கோன், வேள்விக்குடிச் செப்பேடு எல்லாவற்றையும் வேறொரு நாள் பேசலாம். பதினோராம் நூற்றாண்டில் ஒரே ஓர் ஊரில் மட்டும் இறங்கிக்கொள்கிறேன். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் திருவாலீஸ்வரம். அழகான சிறு கற்றளி. இன்னும் போகாதவர்கள் போய்ப் பாருங்கள். அப்போது பாண்டிய நாடு சோழர் கையில் இருந்தது. அந்தக் கோயிலில் ஒரு கல்வெட்டு. 'மூன்றுகை மகாசேனை' என்ற படை தன்னுடைய வீரச்செயல்களை அரசன் மெய்க்கீர்த்தி போலத் தானே அடுக்கிச் சொல்லிவிட்டு, இந்தக் கோயிலும் அதன் சொத்தும் இனி எங்கள் பாதுகாப்பில் என்று அறிவிக்கிறது. நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் இதை எடுத்துப் பேசியிருக்கிறார்.

இந்தக் கல்வெட்டு எனக்கு மிகவும் பிடித்தமானது. உங்கள் கதைகளில் படை என்பது தளபதி கை காட்டினால் ஓடுகிற கூட்டம். அதற்குப் பெயர் கிடையாது, நினைவு கிடையாது. இங்கே ஒரு படை தன் பெயரில் பேசுகிறது. தன் வரலாறு தனக்குத் தெரியும் என்கிறது. கோயிலோடு ஒப்பந்தம் வைத்துக்கொள்கிறது. வியாபாரக் குழு மாதிரி, ஊர்ச்சபை மாதிரி அது ஒரு சபை. கடலுக்கு அப்பால் பொலன்னறுவையிலும் இதே கதைதான். அங்கே வேளைக்காரப் படையினர் புத்தரின் பல் இருந்த கோயிலைத் தங்கள் பொறுப்பில் ஏற்றதாகத் தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள். அதே வேளைக்காரர் முன்பு முதலாம் விஜயபாகு சோழர்மேல் படையெடுக்கச் சொன்னபோது மறுத்துக் கலகம் செய்தவர்கள். 'போக மாட்டோம்' என்று சொல்லத் தெரிந்த படை! உங்களில் யாராவது ஒருவர் அப்படியொரு படையை எழுதினால் அந்தக் கதையை நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.

இன்னொன்று. முதலாம் குலோத்துங்கன் தெற்கே வந்து வென்றதைச் சொல்லும்போது முத்துச் சலாபத்தையும் பொதியிலையும் கன்னியையும் கைக்கொண்டதாகச் சொல்லிக்கொள்கிறான். வென்ற நாட்டில் கோட்டாறு உள்ளிட்ட இடங்களில் நிலைப்படைகளை நிறுத்துகிறான். முத்துக் குளிக்கும் கடல் அந்தப் பட்டியலில் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எதற்காகப் படை வந்தது என்பதை அவன் மறைக்கவில்லை.

இனி ஆபத்துதவிகள். அவர்களைப் பற்றிப் பேசாமல் போனால் என்னை இறங்கவிட மாட்டீர்கள். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்த நாளிலிருந்து தென்னவன் ஆபத்துதவிகள் என்றால் நமக்கு நடுக்காட்டில் சபதம் செய்கிற சதிகாரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். உடையார்குடிக் கல்வெட்டு ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிக்கிறது. அவர்களில் ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்ற பட்டங்கள் இருந்தன. அரச அதிகாரிகளுக்குக் கிடைக்கும் பட்டம். அவர்களை ஆபத்துதவிகளோடு முடிச்சுப் போட்டது கல்கியின் கைவண்ணம். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு, அதை அவர் நன்றாகவே பயன்படுத்தினார். ஆனால் அரசனோடு உயிர் விடும் மெய்க்காவலர் என்ற செய்தி கற்பனையில்லை. 1290களின் தொடக்கத்தில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசனுக்கு நெருக்கமான பிரபுக்கள் சிலர் எப்போதும் அவன் பக்கத்திலேயே சவாரி செய்கிறார்கள், அதிகாரமும் அவர்களுக்கு நிறைய, அரசன் இறந்து உடல் எரியும்போது அவர்களும் அந்தத் தீயில் விழுந்து இறக்கிறார்கள் என்று எழுதுகிறார். அதிகாரம் நிறைய என்பதை விட்டுவிடாதீர்கள். அரசன் செத்தால் நாமும் சாக வேண்டும் என்று தெரிந்த ஒருவன், அரசன் உயிரோடிருக்கும்போது எவ்வளவு கவனமாக இருப்பான்! மெய்க்காவலுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

மார்க்கோ போலோ வந்துவிட்டார். இனி நான் வந்த வேலையைப் பார்க்கலாம்.

அவர் வந்த காலத்தில் கொற்கைத் துறை ஓய்ந்துவிட்டது. கடல் பின்வாங்கப் பின்வாங்கத் துறையும் அதைத் துரத்திக்கொண்டே போய், ஆற்று முகத்தில் காயல் என்ற பட்டினம் எழுந்திருந்தது. இன்றைய பழையகாயல். மார்க்கோ போலோவின் 'காயில்' இதுதான் என்று இடம் குறித்தவர் கால்டுவெல். திருநெல்வேலிச் சரித்திரத்தை 1881இல் எழுதிய அதே கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் தோண்டியும் பார்த்தவர். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம் அது. ஆட்சி 1268இல் தொடங்குகிறது. சகோதரர் ஐவர் சேர்ந்து ஆளும் நாடு என்று மார்க்கோ போலோ சொல்கிறார். அவர்களுக்குள் சண்டை மூளும்போதெல்லாம் தாய் நடுவில் வந்து, 'உங்களுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்துக்கொள்வேன்' என்று மிரட்டி நிறுத்துவாளாம். ஐந்து படைகளை ஒரு கிழவி தடுத்து நிறுத்துகிறாள். உங்கள் மந்திரவாதிகளைவிட இந்த அம்மாள் எனக்குத் திறமைசாலியாகத் தெரிகிறாள்.

முத்துக் குளிப்பை அவர் விவரமாக எழுதியிருக்கிறார். ஏப்ரலிலிருந்து மே நடுப்பகுதிவரை குளிப்பு. எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறா வராமல் மந்திரம் போட்டுக் கடலைக் கட்டுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு. நம் பக்கத்தில் அவரைக் கடல்கட்டி என்பார்கள். ஆக, வரவு இது. செலவு என்ன? குதிரை.

ஓர்முசு, கீஷ், ஏடன், தோஃபார், ஷிஹ்ர் என்று பாரசீக, அரபிக்கரைத் துறைகள் எல்லாவற்றிலிருந்தும் காயலுக்குக் குதிரை வருகிறது. இந்த அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறான், சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள், ஆண்டு முடியும்போது நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. ஏன்? பராமரிக்கத் தெரியவில்லை. சோற்றையும் இறைச்சியையும் சேர்த்து வேகவைத்துக் குதிரைக்குப் போடுகிறார்கள். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் இல்லை. அதைவிட முக்கியம், அப்படிப்பட்ட ஆட்களைக் குதிரை வியாபாரிகள் கூட்டி வருவதும் இல்லை, வர விடுவதும் இல்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்குக் கிராக்கி! நல்ல ஆண்குதிரையையும் நல்ல பெண்குதிரையையும் சேர்த்தாலும் இந்த நாட்டில் பிறப்பது கால் கோணிய, ஏறவே உதவாத குட்டி என்றும் சொல்கிறார்.

இதே செய்தியைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் எழுதுகிறார். அவர் இந்தப் பக்கம் வந்தவரில்லை, ஆனால் கணக்குப் புத்தகம் அவருக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். கீஷ் தீவின் அதிபதியான ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைத் தன் சொந்தக் கொட்டிலிலிருந்து பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு விலை 220 செம்பொன் தினார். பெருக்கிப் பாருங்கள், 3,08,000 தினார் வரும். வழியில் கடலில் செத்துப் போன குதிரைக்கும் விலை உண்டு. பாண்டியன் கருவூலம் கொடுத்துவிடும். அதற்கு முன் அத்தாபேக் அபூபக்கர் காலத்தில் பாரசீகக் கரைத் துறைகள் எல்லாவற்றிலிருந்தும் சேர்த்து ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள், 22 லட்சம் தினார் என்கிறார். அந்தப் பணம் கோயில் நிலங்களின் மிகுதி வருவாயிலிருந்தும், கோயிலைச் சேர்ந்த கணிகையர் மீதான வரியிலிருந்தும் வந்ததாம். வந்த குதிரையை நாற்பது நாள் முளையில் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பிறகு பழக்காமல், சரியான சேணமும் அங்கவடியும் இல்லாமல் ஏறி விரட்டுகிறார்கள் என்பதும் அவர் சொல்வதுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விற்பவர் ஜமாலுத்தீன். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரகுமான் பாண்டியனிடம் அமைச்சர். காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில். கடல் கடந்த விற்பனையாளரும் கரையில் நிற்கிற கொள்முதல் அதிகாரியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்! செத்த குதிரைக்கும் விலை கொடுக்கிற ஒப்பந்தத்தின் மூளை எது என்று நான் சொல்லத் தேவையில்லை. தகியுத்தீனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வியாபாரி வியாபாரம்தான் செய்வார். குதிரையை நம்பியிருக்கிற அரசனுக்குக் குதிரைக் கப்பலைத் தடையில்லாமல் வரவழைக்கத் தெரிந்தவர்தான் தளபதியைவிடப் பெரியவர். பாண்டியனுக்கு அது தெரிந்திருந்தது. வியாபாரிகளை அவன் மரியாதையாக நடத்தியதால்தான் எல்லாரும் காயலுக்கு வருகிறார்கள் என்று மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். உங்கள் கற்பனை அரசவையில் மந்திரிக்கும் சேனாதிபதிக்கும் பக்கத்தில் ஒரு குதிரை வியாபாரிக்கு ஆசனம் போட்டு வையுங்கள்.

மாணிக்கவாசகர் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் அதைப் பக்திக் கதையாகத்தான் கேட்டிருப்போம். பாண்டியன் குதிரை வாங்கிவரப் பொன் கொடுத்து அமைச்சரைக் கடற்கரைக்கு அனுப்புகிறான். அமைச்சர் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு அந்தப் பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டுவிடுகிறார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து ஒப்படைக்கிறார். இரவில் அவை மறுபடி நரியாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுகின்றன. படைக் கணக்காகப் பார்த்தால் எவ்வளவு தத்ரூபமான கதை! கருவூலப் பணம் எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிற அமைச்சர், கோயிலுக்கும் குதிரைக்கும் இடையே இழுபடுகிற பணம், பகலில் பளபளப்பாக ஒப்படைக்கப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் ஒன்றுமில்லாமல் போகிற சரக்கு. வாங்கிய குதிரை லாயத்தில் தங்காது என்பது இந்த நாட்டு மக்களுக்குப் பழகிப்போன செய்தியாக இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம். நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

ஒரு குதிரை நாளொன்றுக்கு ஏழெட்டுக் கிலோ உலர்ந்த தீனியாவது தின்னும். முப்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் கூடுதல். இரண்டாயிரம் குதிரை என்றால் தினம் பதினைந்து டன் தீனி. அதற்குப் புல் அறுப்பவர், கொள்ளு வேகவைப்பவர், சாணி அள்ளுபவர், இரவில் கண் விழிப்பவர். உங்கள் கதையில் 'ஐம்பதாயிரம் குதிரைகள் புழுதி பறக்க வந்தன' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்தப் புழுதிக்குப் பின்னால் எத்தனை வண்டி புல் வருகிறது?

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மார்க்கோ போலோ சொல்வதை நான் அப்படியே நம்பவில்லை. இந்த நாட்டு வீரர்களைப் பற்றி, உடம்பில் துணிகூட இல்லாமல் ஈட்டியும் கேடயமுமாகப் போருக்குப் போகிற உதவாக்கரைகள் என்றும் எழுதியவர் அவர். அந்த உதவாக்கரைகளின் தலைமுறைதான் அதற்குச் சற்று முன்பு சடையவர்மன் சுந்தர பாண்டியனோடு போய் போசளரைக் கண்ணனூர்க் கொப்பத்தில் வென்றது. குலசேகரன் காலத்தில் ஆரியச்சக்கரவர்த்தி தலைமையில் இலங்கைக்குப் போய் புத்தரின் பல்லையே எடுத்துவந்தது. அதைத் திரும்ப வாங்க இலங்கை அரசன் மூன்றாம் பராக்கிரமபாகு பாண்டியனிடம் நேரில் வர வேண்டியிருந்தது. இரும்புக் கவசம் போட்ட ஐரோப்பியக் குதிரை வீரனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நம் வெயிலில் சட்டை போடாத ஈட்டிக்காரன் வீரனாகத் தெரிந்திருக்க மாட்டான். குதிரை விஷயத்திலும், நூறுகூட மிஞ்சாது என்பது துறைமுகத்து வியாபாரிகள் சொல்லிச் சிரித்த பேச்சாகவே இருக்கும்.

அப்படிச் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணம் உண்டு. 1310இல் குலசேகரன் இறந்தான். மகன் சுந்தர பாண்டியனே கொன்றான் என்கிறார் வஸ்ஸாஃப். சுந்தரனும் சகோதரன் வீரபாண்டியனும் அடித்துக்கொண்டார்கள். இந்த முறை நடுவில் வர அந்தத் தாய் இல்லை. 1311 வசந்தத்தில் டில்லி சுல்தானின் தளபதி மாலிக் கஃபூர் வந்தான். பாண்டியர்கள் அவனுக்கு எதிரே நின்று பெரும்போர் செய்யவில்லை. ஊர் ஊராக விலகிப் போனார்கள், மழையும் அவர்களுக்குத் துணை செய்தது. மதுரைக்கு அவன் வந்தபோது நகரம் காலியாக இருந்தது. திரும்பிப் போகும்போது கொண்டுபோனவை: அமீர் குஸ்ரு கணக்கில் 512 யானை, 5,000 குதிரை. பரணி கணக்கில் 612 யானை, 20,000 குதிரை. குஸ்ரு சமகாலத்தவர், பரணி பிந்தியவர். நான் குஸ்ரு பக்கம். அதிலும் ஒரு பகுதி துவாரசமுத்திரத்தில் போசளரிடமிருந்து பிடித்தது. அதைக் கழித்தாலும் பாண்டியன் லாயங்களில் சில ஆயிரம் அரபுக் குதிரைகள் உயிரோடு நின்றிருக்கின்றன. ஆக யாரோ ஒருவருக்குப் பராமரிக்கத் தெரிந்திருக்கிறது. வெளிநாட்டுப் பயணி பார்க்காத ஒரு லாயக்காரன், நம் ஊர்க் கொள்ளை வேகவைத்துப் போட்டு, நம் ஊர்க் கொல்லன் அடித்த லாடத்தை மாட்டி அவற்றைக் காப்பாற்றியிருக்கிறான். அவனைப் பற்றிக் கல்வெட்டு இல்லை. எழுதுவதற்கு ஆள் வேண்டுமானால் நீங்கள் இருக்கிறீர்கள்.

ஆனால் காப்பாற்றிய குதிரைகளால் படை காப்பாற்றப்படவில்லை என்பதும் உண்மை. வாங்கிய குதிரைகளை ஓர் அரசு ஐந்து சகோதரருக்குப் பங்கு போடலாம். பங்கு போட்டபின் அவை ஒரு படை ஆவதில்லை, ஐந்து லாயங்கள் ஆகிவிடுகின்றன. வடக்கிலிருந்து வந்தவனிடமும் குதிரைதான் இருந்தது. அவனுக்கு அது தரைவழியாக வந்தது, ஓட்டத் தெரிந்த ஆட்களோடு வந்தது.

இதற்குப் பிறகும் குதிரைக் கப்பல் நிற்கவில்லை. மதுரை சுல்தான்கள் வாங்கினார்கள். விஜயநகரத்தார் அதைவிடப் பெரிய அளவில் வாங்கினார்கள். 1510இல் கோவாவைப் பிடித்த போர்த்துகீசியர் குதிரை வியாபாரத்தைத் தங்கள் முட்டியில் பிடித்துக்கொண்டார்கள். நாளைக்குக் கொற்கையிலிருந்து திரும்பும்போது முத்துக்குளித்துறை ஊர்கள் வழியாக வருவீர்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு தேவாலயம் நிற்கும். ஜோ டி குருஸ் எழுதி 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'கொற்கை' நாவலைப் படித்தவர்களுக்கு அந்தக் கரை அந்நியமாக இருக்காது. 1530களில் அங்கே பரதவர்களுக்கும் முத்துக் குளிப்பில் அவர்களோடு போட்டியிட்ட முஸ்லிம்களுக்கும் பெரும் சண்டை. பரதவர்கள் யாரிடம் உதவி கேட்பது என்று தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜோவாம் ட குரூஸ் என்பவர் குமரி முனைப் பக்கம் வந்து சேர்ந்தார். கோழிக்கோட்டு சாமூதிரி 1513இல் லிஸ்பனுக்கு அனுப்பிவைக்க, அங்கே போய்க் கிறிஸ்தவராகித் திரும்பியவர். போர்த்துகீசியரிடம் போங்கள், அவர்கள் மதத்தில் சேருங்கள், படை அனுப்புவார்கள் என்று சொன்னவர் அவர்தான். பரதவத் தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள். படையும் வந்தது, ஞானஸ்நானமும் நடந்தது. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வருவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துவிட்டார்கள். முத்துச் சலாபத்தில் போர்த்துகீசியர் கை ஓங்கியது.

அந்த ஜோவாம் ட குரூஸ் குமரிப் பக்கம் எதற்கு வந்திருந்தார் தெரியுமா? அங்கிருந்த அரசனுக்குக் குதிரை விற்க.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். யாளி வைத்திருக்கும் நண்பர் முதலில் கேட்கட்டும்.